கிரகங்களுக்குப் போகும் எஞ்சின் யார் கையில்?

அண்மையில் ஒரு கிளைக் கூட்டம். கூலி விஷயம், பட்டா விஷயம் எல்லாம் பேசி முடிந்தது. கலையும் நேரத்தில் வயதான விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் கேட்டார்: "செவ்வாய்க் கிரகத்துக்கு மனுசனை அனுப்பப் போறாங்களாமே! நம்ம ஊருக்கு ஒழுங்கா ஒரு பஸ் வரலை. இதெல்லாம் நமக்கு எதுக்கு?" உடனே ஓர் இளம் மில் தொழிலாளி குறுக்கிட்டார்: "அப்படிச் சொல்லாதீங்க அண்ணே. அமெரிக்காவிலே ஒரு கோடீஸ்வரர் அங்கே ஊரே கட்டப் போறார். அவர் செஞ்சு காட்டுவார்."

ஒருவருக்கு அலுப்பு, மற்றவருக்கு மயக்கம். இரண்டும் தொழிலாளி வர்க்கத்துக்கு உதவாது என்பது நமது கருத்து. கிரகங்களுக்குப் போவது நடக்கக்கூடிய காரியமா? நடக்கும் என்றால், அது ஏன் இன்னும் நடக்கவில்லை? இவ்விரு கேள்விகளுக்கும் விடை எஞ்சினில் இருக்கிறது. அந்த எஞ்சினை வைத்திருக்கும் கையிலும் இருக்கிறது.

வண்டியும் வைக்கோலும்

ராக்கெட்டின் தத்துவம் எளிது. குளத்தில் ஒரு தோணி, துடுப்பு இல்லை, தோணி நிறையக் கற்கள். கல்லைப் பின்பக்கமாக வீசினால் தோணி முன்பக்கம் நகரும். வேகமாக வீசினால் குறைந்த கல்லிலேயே தூரம் போகலாம். ராக்கெட் வீசும் "கல்" சூடான வாயு. அவ்வளவுதான்.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. மாட்டு வண்டியில் வெகுதூரம் போக வேண்டும். வழியில் ஒரு பிடி வைக்கோல் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். வழி முழுவதற்குமான வைக்கோலையும் வண்டியிலேயே ஏற்ற வேண்டும். அந்தப் பாரத்தை இழுக்க இன்னொரு ஜோடி மாடு வேண்டும். அந்த மாடுகளுக்கும் வைக்கோல் வேண்டும். கடைசியில் வண்டி முழுவதும் வைக்கோல்தான். நெல் மூட்டைக்கு இடமில்லை!

இந்தக் கணக்கை 1903ல் எழுதி வெளியிட்டவர் ருஷ்யாவில் கலூகா என்ற சிற்றூரில் வாத்தியார் வேலை பார்த்த சியோல்கோவ்ஸ்கி. சிறு வயதிலேயே காய்ச்சலில் காது கேளாமற் போனவர். ஜாரின் ஆட்சி அவரைப் பொருட்படுத்தவில்லை. புரட்சிக்குப் பின் 1921ல் சோவியத் அரசாங்கம் அவருக்கு ஆயுட்காலப் பென்ஷன் அளித்தது.

அவருடைய கணக்கு இன்றும் மாறவில்லை. 1969ல் சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற அமெரிக்க ராக்கெட் புறப்படும்போது சுமார் 2,900 டன். மூன்று மனிதரோடு கடலில் வந்து விழுந்த கூடு சுமார் ஐந்து டன். மற்றதெல்லாம் வைக்கோல்! மிகச் சிறந்த எரிபொருளான திரவ ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரித்தாலும் வாயு வினாடிக்குச் சுமார் நாலரை கிலோமீட்டர் வேகத்தில்தான் வெளியேறும். எரிப்பதில் கிடைக்கும் சக்தி அவ்வளவுதான். கிரகம் விட்டுக் கிரகம் போய்த் திரும்ப வேண்டுமானால், கல்லை இதைவிட வேகமாக வீசும் எஞ்சின் வேண்டும்.

ஒரு தாள் காகிதத்தின் கனம்

அப்படிப்பட்ட எஞ்சின் உண்டா? உண்டு. செனான் என்ற வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, மின்சார விசையாலேயே அவற்றைப் பின்னால் வீசுகிறார்கள். இங்கே எதுவும் எரிவதில்லை. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. வாயு வினாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில்கூட வெளியேறுகிறது.

ஆனால் அதன் தள்ளுவிசை எவ்வளவு தெரியுமா? கையில் வைத்த ஒரு தாள் காகிதத்தின் கனம்! 2007ல் அமெரிக்கா அனுப்பிய டான் என்ற விண்கலத்தில் இந்த எஞ்சின்தான் இருந்தது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க அதற்கு நாலு நாள் ஆகும். நம் டவுன் பஸ்ஸே தோற்கடித்துவிடும். ஆனால் டவுன் பஸ் நின்றுவிடும், அது நிற்கவில்லை. மொத்தம் ஏறத்தாழ ஆறு ஆண்டுக் காலம் அந்தக் காகிதக் கனம் தள்ளிக்கொண்டே இருந்தது. கலம் 2011ல் வெஸ்டாவை அடைந்து சுற்றியது. அதைவிட்டுக் கிளம்பி 2015ல் சீரிஸை அடைந்து சுற்றியது. பூமிக்கு அப்பாலுள்ள இரண்டு உலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிய முதல் கலம் அதுவே. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நமக்குப் புதிதல்லவே!

இந்த வகை எஞ்சின் எங்கே வளர்ந்தது? அமெரிக்காவில் அரசாங்கப் பணத்தில் 1964லேயே ஒன்றை விண்ணில் இயக்கிப் பார்த்தார்கள். சோவியத் யூனியனில் மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் நிலையத்தில் மரோஸோவ் என்ற விஞ்ஞானியும் அவரது சகாக்களும் வேறொரு மாதிரியை உருவாக்கினார்கள். 1971 டிசம்பரில் மெட்டியோர் என்ற வானிலைச் செயற்கைக்கோளில் அது ஏறியது. பிறகு கலினின்கிராட் நகரத்து பாக்கெல் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் அதை ஆண்டுக்கணக்காகச் செய்து வந்தார்கள். 1991ல் சோவியத் யூனியன் இல்லாமற் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க நிபுணர்கள் அந்த எஞ்சினை நேரில் பார்த்துச் சோதித்தார்கள். அதன் திறமையை ஒப்புக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் சைக்கி என்ற சிறு கிரகத்தை நோக்கி அமெரிக்கா அனுப்பிய கலத்தைத் தள்ளுவது அதே குடும்பத்து எஞ்சின்தான்.

ஆக, இரண்டு நாட்டு மக்களின் வரிப்பணத்திலும் உழைப்பிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் பொறுமையாக வளர்ந்த பொருள் இது. இன்று இதே வகை எஞ்சின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஆயிரக்கணக்கான இன்டர்நெட் செயற்கைக்கோள்களில் ஓடி லாபம் ஈட்டுகிறது. விதைத்தவர்கள் மக்கள், அறுவடை யாருடைய களத்தில் என்று பாருங்கள்!

எரிந்த அடுப்பை அணைத்தது யார்?

காகிதக் கனம் கருவிகளுக்குப் போதும். மனிதர்கள் அவ்வளவு மெதுவாகப் போக முடியாது. செவ்வாய்க்கு இன்றைய முறையில் ஒருவழிப் பயணமே ஏழெட்டு மாதம். புறப்பட ஏற்ற காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். போய்வர இரண்டரை, மூன்று ஆண்டு. வழியெல்லாம் உடலைக் கெடுக்கும் கதிர்வீச்சு. பயணத்தைச் சுருக்க இன்னும் பலமான எஞ்சின் வேண்டும்.

அதற்கும் வழி கண்டார்கள். அணு உலையின் வெப்பத்தில் ஹைட்ரஜனைக் காய்ச்சி வீசும் எஞ்சின் அது. எரிக்கும் ராக்கெட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வாயு வெளியேறும். 1955ல் அமெரிக்காவில் வேலை தொடங்கியது. 1968 ஜூன் மாதம் நெவாடா பாலைவனத்தில் தரையில் பொருத்திய ஓர் உலை, 4,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தைப் பன்னிரண்டு நிமிஷம் வெளியிட்டது. நமது கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத்தைவிட அது அதிகம்! இப்படி 140 கோடி டாலர் செலவில், பதினேழு ஆண்டு உழைப்பில் வந்ததை 1973 ஜனவரியில் ஒரே உத்தரவில் மூடினார்கள். சந்திரனில் கொடி நட்டாயிற்று, போட்டியில் ஜெயித்தாயிற்று. இனி எதற்குச் செலவு? அதற்கு முந்திய மாதம்தான் ஹனாய் நகரத்தின்மீது குண்டு மாரி பொழிந்தார்கள். அதற்குப் பணம் இருந்தது!

ஐம்பது ஆண்டு கழித்து அதே எஞ்சினை 2027ல் பறக்கவிடப் போவதாக 2023ல் அறிவித்தார்கள். முன்னின்று நடத்தியது அமெரிக்க ராணுவ இலாகா. 2025ல் அதையும் கைவிட்டார்கள். ராக்கெட் ஏவும் செலவு குறைந்துவிட்டதாம். ஆகவே இதற்குப் போடும் பணம் கட்டுபடியாகாதாம்.

அணு எஞ்சினில் ஆபத்தே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. விபத்து நேர்ந்தால் விஷம் பரவும், எச்சரிக்கை வேண்டும். ஸ்புட்னிக்கைத் தூக்கிய சோவியத் ராக்கெட்டும் முதலில் அணுகுண்டைச் சுமக்கவே செய்யப்பட்டது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயுதப் போட்டி அங்கும் விஞ்ஞானத்தின் கழுத்தில் நுகத்தடியாகக் கிடந்தது. நாம் சொல்வது இதுதான்: யுத்தத்துக்கு உதவினால் பணம் வரும், லாபம் வந்தால் பணம் வரும், மனிதகுலம் ஓர் அடி முன்னே போவதற்கு மட்டும் பணம் வராது.

இளைஞர் புகழ்ந்த கோடீஸ்வரர் ஈலோன் மஸ்க் என்ன செய்தார்? 2022ல் செவ்வாய்க்குச் சரக்கு, 2024ல் மனிதர்கள் என்று 2017ல் மேடையேறிச் சொன்னார். 2022 போயிற்று, 2024ம் போயிற்று. அவருடைய ராக்கெட்டுகள் திரும்ப வந்து இறங்குவது பெரிய சாதனைதான். அதைச் செய்த எஞ்சினியர்களையும் தொழிலாளர்களையும் நாம் பாராட்டுகிறோம். ஆனால் அந்த ராக்கெட்டும் எரிக்கும் ராக்கெட்தான். வைக்கோல் கணக்கு அதையும் விடாது.

மூடிய கதவும் மகேந்திரகிரியும்

எஞ்சின் ரகசியம் ஏகபோகமானால் என்ன நடக்கும் என்பதை நம் நாடே அனுபவித்திருக்கிறது. கிரையோஜெனிக் எஞ்சினையும் அதைச் செய்யும் முறையையும் தர சோவியத் நிறுவனம் ஒன்று 1991ல் நம்மோடு ஒப்பந்தம் செய்தது. 1992ல் அமெரிக்கா இரு தரப்பின்மீதும் தடை விதித்தது. சோவியத் யூனியன் கலைந்தபின் ருஷ்யாவில் வந்த எல்த்சின் அரசாங்கம் 1993ல் பணிந்தது. எஞ்சின் தருவோம், செய்முறை தரமாட்டோம் என்றது. நம் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் மடங்கிவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்துச் சோதனைக் களத்தில் எஞ்சினை மீண்டும் மீண்டும் எரித்துப் பார்த்தார்கள். 2010ல் பறந்தபோது தோற்றார்கள். 2014 ஜனவரி 5ந் தேதி வென்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மங்கள்யான், சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில், செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. இருபது ஆண்டு காத்திருக்க எந்த முதலாளி சம்மதிப்பான்? பொதுத்துறை காத்திருந்தது. இந்த அனுபவத்தின் பலனைத்தான் 2020 முதல் தனியாருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பஸ் ஏன் வரவில்லை?

இனி நம் முதியவரின் கேள்வி. தோழரே, உங்கள் பஸ்ஸை ராக்கெட் பிடுங்கவில்லை. 2024ல் உலக நாடுகள் ராணுவத்துக்குக் கொட்டியது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஓராண்டுச் செலவு சுமார் 2,500 கோடி டாலர். நூற்றில் ஒரு பங்கு. பஸ்ஸைப் பிடுங்கிய கையே கிரகப் பயண எஞ்சினையும் அணைத்தது. உங்கள் எதிரியும் விஞ்ஞானத்தின் எதிரியும் ஒன்றே.

இளைஞருக்கும் ஒரு வார்த்தை. முதலாளி கட்டும் ஊர் எப்படி இருக்கும் என்று மில் லைன் வீட்டிலும் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் இருந்தவர்களைக் கேளுங்கள். வேலை போனால் வீடும் போகும். செவ்வாயில் மூச்சுக் காற்றே இல்லை. அதையும் கம்பெனிதான் தயாரித்துத் தரவேண்டும். அங்கே ஆலையைக் கதவடைத்தால் தொழிலாளியின் மூச்சையும் சேர்த்தல்லவா அடைப்பார்கள்! வான்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல என்று 1967ல் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்குப் பிறகும், அங்கே தோண்டியெடுக்கும் பொருள் தோண்டிய கம்பெனிக்கே சொந்தம் என்று 2015ல் அமெரிக்கா தனியாகச் சட்டம் போட்டுக்கொண்டது. ஊர்ப் புறம்போக்கை வளைக்கும் மிராசுதாரை நமக்குத் தெரியும். இவர்கள் வானத்துப் புறம்போக்கை வளைக்கிறார்கள்.

எனவே நாம் விஞ்ஞானத்தைப் பார்த்து அலுத்துக்கொள்ளவும் கூடாது. விளம்பரத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. விண்வெளி ஆராய்ச்சி பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும். அங்கே உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி முதல் விஞ்ஞானி வரை உரிமையோடு வாழ வேண்டும். வான்வெளியில் ஆயுதம் கூடாது. கண்டுபிடித்த அறிவு எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவாக வேண்டும். கூலிக்கும் பஸ்ஸுக்கும் போராடும் அதே கைகள் இவற்றையும் கேட்க வேண்டும்.

கிரகங்களுக்கு மனிதன் போவான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆண்டையும் அடிமையுமாகப் போகப் போகிறானா, மனிதனாகவே போகப் போகிறானா என்பது இங்கே, இந்த மண்ணில் நாம் நடத்தும் போராட்டத்தைப் பொறுத்தது.