சிமுலேஷனுக்குச் செய்முறை மதிப்பெண் கூடாது

ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையப் பாடத் தளத்தின் வழியே படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு மார்ச் 2021இல் அறிவித்துவிட்டது. 2016 விதியில் இது 20 விழுக்காடு. இனிச் செய்முறைத் தாளையும் இணையத்துக்குத் தள்ளலாமா என்ற கேள்வி எல்லா இயற்பியல் துறைகளிலும் எழும். நம் நிலைப்பாடு இது: உண்மைக் கருவியைத் தொலைவிலிருந்து இயக்கி எடுத்த அளவீட்டை ஏற்கலாம், சிமுலேஷனை ஏற்கக் கூடாது.

மெய்நிகர் ஆய்வகம் என்ற ஒரே பெயரில் இரண்டும் புழங்குகின்றன. ஐஐடி மும்பையின் ஒற்றைப் பலகை ஹீட்டர் அமைப்புக்குக் கட்டளை அனுப்பினால் அங்கே எஃகுத் தகடு மெய்யாகவே சூடேறும். திரும்பி வரும் வெப்பநிலையில் இரைச்சலும் சேர்ந்தே வரும். திரையில் வரைந்த நியூட்டன் வளையங்களில் அது ஏது? லென்ஸில் தூசி படிந்து நடுப்புள்ளி வெளிறுவதில்லை. மைக்ராஸ்கோப் திருகைப் பின்னோக்கித் திருப்பினால் அளவீடு பிசகுவதில்லை. விட்ட வர்க்க வரைபடத்தில் புள்ளிகள் கோட்டை விட்டு விலகுவதே இல்லை. ரெக்கார்டு நோட்டில் விடையிலிருந்து பின்னோக்கி அளவீடு எழுதும் பழக்கத்தை ஒழிக்கவே நாம் இத்தனை காலம் போராடுகிறோம். இப்போது அதற்கு அரசு முத்திரையா?

தருமபுரி மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். நேரலைக் காணொளியோடு கருவியை இயக்க நிலையான இணையம் வேண்டும். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் சிக்னல் தேடும் மாணவருக்குக் கடைசியில் கிடைக்கப்போவது சிமுலேஷன்தான். எட்டாத கருவியை எட்டவைக்க வந்த மெய்நிகர் ஆய்வகத் திட்டம், எட்டாதவருக்குப் படம் காட்டி அனுப்பிவிடுகிறது. ஆய்வக வசதியைத் தாய்க் கல்வி நிறுவனமே இலவசமாக, போதிய அளவில் தரவேண்டும் என்று ஸ்வயம் விதியே சொல்கிறது. அந்த வரியை நிறைவேற்ற நிதி எங்கே, ஆய்வக உதவியாளர் எங்கே என்று டெல்லியும் கேட்கவில்லை, சென்னையும் கேட்கவில்லை. எத்தனை பேர் இணையத்தில் நுழைந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

தருமபுரிக் கல்லூரிகள் பயனாளிகளாகவே இருக்க வேண்டியதில்லை. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்தின் பைசுஅள்ளி மையத்திலோ கருவிகளை நிறுவலாம்; சென்னை மாணவர் அவற்றை இயக்கட்டும், இங்குள்ள மாணவர் அமைக்கவும் பழுது நீக்கவும் கற்கட்டும். டெல்லி ஐயுஏசி ஆய்வு மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் போன்ற மலிவுக் கருவியிலிருந்தே இதைத் தொடங்க முடியும்.

பெரியார் பல்கலைக்கழக இயற்பியல் பாடத்திட்டக் குழு இரண்டு வரிகளை எழுதட்டும்: சிமுலேஷன் செய்முறைக்கு முந்திய பயிற்சி மட்டுமே, பிழை மதிப்பீடு இல்லாத எந்த அளவீட்டுக்கும், அது எங்கிருந்து வந்தாலும், மதிப்பெண் இல்லை.