செபம் கேட்கப்படவில்லையா?

எங்கள் ஆனேக்கல் வீட்டு வாசலில் முன்பு இரண்டு படிகள் இருந்தன. 2010-ஆம் ஆண்டு அவற்றை இடித்துவிட்டுச் சிமெண்டுச் சரிவு ஒன்று போட்டோம். செபத்தைப் பற்றி எழுத வந்தவன் வாசற்படியைப் பற்றிப் பேசுகிறானே என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் தம்பி எலெக்ட்ரீஷியன். 2009-இல் ஜிகணிப் பக்கம் கட்டட வேலை ஒன்றில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். பெங்களூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. இனி நடக்க முடியாது என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அம்மா ஒன்பது வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா பிறந்த நாளுக்குக் காவி உடுத்திச் சிவாஜிநகர் ஆலயம் சென்று மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் தம்பிக்காக உஸ்கூர் மத்தூரம்மனுக்கு வேண்டிக்கொண்டார். இதைப் படிப்பவர்கள் எல்லோரும் கிறித்தவர்கள் அல்லர் என்பதை அறிவேன். ஆனால் நேர்ச்சை எல்லோருக்கும் பொது; அது பலிக்காதபோது வரும் துக்கமும் பொது.

தம்பி நடக்கவில்லை. அதன்பின் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இரண்டு வகை. "உங்கள் விசுவாசம் போதவில்லை, இன்னும் உருக்கமாகச் செபியுங்கள்" என்றார்கள் சிலர். "எல்லாம் ஆண்டவர் சித்தம், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார்கள் வேறு சிலர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் முதலாவது சொல் என் தாயைக் குற்றவாளியாக்கியது. இரண்டாவது சொல் ஆண்டவரையே குற்றவாளியாக்கியது. அந்தச் சாரத்தில் பாதுகாப்பு வார் கிடையாது. வார் கொடுக்காதது மனிதன் செய்த குற்றம். அதைத் தூக்கிக் கடவுள் தலையில் வைத்துவிட்டால் நாளை இன்னொருவன் விழுவான். அதுவும் அவர் சித்தமா?

அப்படியானால் செபம் எதற்கு? தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுப்பதைப் போலத்தான் நம்மில் பலர் செபிக்கிறோம். மனு ஏற்கப்பட்டால் நன்றி, தள்ளப்பட்டால் கோபம். ஆனால் வேதாகமத்தைப் புரட்டினால், தள்ளப்பட்ட மனுக்கள் பெரியவர்களிடமே இருக்கின்றன. தாவீது அரசர் நோயுற்ற குழந்தைக்காகத் தரையில் கிடந்து உபவாசம் இருந்தார். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. அவர் எழுந்து குளித்து, ஆண்டவரின் இல்லத்துக்குப் போய் வணங்கிவிட்டு வந்து உணவு உண்டார். பவுல் தம் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, அதைத் தாங்கும் பலம் கிடைத்தது. இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று கேட்டார். பிறகு தந்தையின் திருவுளத்துக்குத் தம்மை ஒப்படைத்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயேசு முதலில் தம் ஆசையை மறைக்காமல் கேட்டார், கலங்கினார், வியர்த்தார். அதன் பிறகே ஒப்படைத்தார். ஆகவே அழுவதும் செபம்தான், 'ஏன்?' என்று கேட்பதும் செபம்தான். அழுகையைத் தாண்டாமல் வருகிற ஏற்பு வெறும் வாய்ச்சொல். இன்னொன்று, கிண்ணத்தை ஏற்றவர் அவர் மட்டுமே. சீடர்கள் அவரிடம் போய் 'இது கடவுள் சித்தம்' என்று உபதேசம் செய்யவில்லை. விழித்திருக்கும்படி மட்டுமே அவர் அவர்களைக் கேட்டார். அதைக்கூடச் செய்யாமல் அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

தம்பியை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெயரை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். கொச்சியைச் சேர்ந்த அவர் வேலூரில் மருத்துவம் படித்து, மகப்பேறு மருத்துவராகும் வழியில் இருந்தார். 1954-இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதுதான் இருக்கும். கால்கள் திரும்பவேயில்லை.

அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நேராக்கியவர். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்தக் கைகளைச் சீராக்கினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறையின் தலைவரானார். 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-இல் மறைந்தார்.

விபத்து நடந்தது இதற்காகத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிக் கணக்குப் போடும் கடவுளை என்னால் வணங்க முடியாது. விபத்துக்குப் பிறகும் கடவுள் அவரைக் கைவிடவில்லை, அவரும் கடவுளைக் கைவிடவில்லை என்பது மட்டுமே எனக்குத் தெரிகிறது. சித்தத்தை ஏற்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்காருவது அன்று. இழந்ததை இழந்ததென்று ஒப்புக்கொண்டு, மிச்சம் இருப்பதை ஆண்டவர் கையில் கொடுத்து, 'இதைக் கொண்டு என்ன செய்யட்டும்?' என்று கேட்பது. அந்தக் கேள்விதான் செபத்தின் நோக்கம் என்பது என் கருத்து.

வேலூரில் தம்பி இரண்டு மாதம் இருந்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறவும், புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டான். அவனைப் போலவே அங்கு வந்திருந்த பலரும் அவனுக்குத் துணையானார்கள். ஊர் திரும்பும் நாளில் சொன்னான்: "அண்ணா, அம்மா இனிமே என் காலுக்காக செபம் பண்ண வேண்டாம்னு சொல்லு. எனக்காக பண்ணச் சொல்லு."

அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அம்மாவுக்குச் சில நாள் ஆயிற்று. எனக்கும்தான். அதன் பிறகே வாசற்படியை இடித்தோம். இப்போது வீட்டின் முன்னறையில் தம்பி மிக்ஸி, மின்விசிறி, செல்போன் பழுது பார்க்கிறான். அம்மா இன்றும் செபம் செய்கிறார்கள். கேட்பது குறைந்திருக்கிறது, உடன் இருப்பது கூடியிருக்கிறது. தம்பிக்கு இன்றும் சில இரவுகளில் துக்கம் வரும். அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

சொந்த ஊரைவிட்டு வந்த நமக்கு இங்கே மாமன், சித்தப்பன் என்று சுற்றம் குறைவு. துன்பப்பட்ட வீட்டுக்குப் போகும்போது நாம்தான் சுற்றம். ஆகையால் ஒரு வேண்டுகோள். 'ஆண்டவர் சித்தம்' என்ற சொல்லைத் துன்பப்படுகிறவர் தாமாகச் சொல்லட்டும். அவருக்காக நாம் சொல்ல வேண்டாம். அவர் அருகில் விழித்திருப்போம். மருந்து வாங்கி வருவோம். வேலை கொடுத்தவர் இழப்பீடு தராவிட்டால் அவரிடம் உடன் போய்க் கேட்போம். வாசலில் படி இருந்தால் இடித்துச் சரிவு போட ஒரு கை கொடுப்போம். எங்கள் வீட்டுச் சரிவுக்குச் சிமெண்டு குழைத்தது, மத்தூரம்மனுக்கு வேண்டிக்கொண்ட அந்த அம்மாளின் மகன்தான். எங்கள் செபம் கேட்கப்படவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?