எல்லாம் வாய்வுதேன்!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தால் ஆட்டோ வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் சோடா வருகிறது. லோயர்கேம்ப்பிலிருந்து ஆண்டிபட்டி வரை இதுதான் வழக்கம். “வகுறு வலிக்குதா? வாய்வுதேன். ஒரு ஏப்பம் விட்டா செரியாப் போகும்.” படித்தவர், படிக்காதவர், தலைமுறை தலைமுறையாக நெல் போட்டவர், போன மாதம் ஏலத்தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தவர் என எல்லோருக்கும் இந்தத் தீர்ப்பு மனப்பாடம். சில ராத்திரிகளில் இந்தத் தீர்ப்பே ஆளைக் கொன்றுவிடுகிறது.

கூடலூர்ப் பக்கம் ஒரு பெரியவரை வைத்துக்கொள்வோம். வயது 68. இரண்டு போகமும் வயலில் நின்ற உடம்பு. பீடி உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுப் படபடப்புக்கு டாக்டரிடம் போனபோது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். “அது சூட்டு மாத்திரை” என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவராகவே நிறுத்திவிட்டார்.

ராத்திரி பத்து மணி. சாப்பிட்டு எழுந்து கை காயவில்லை, தொப்புளைச் சுற்றி ஒரு வலி ஆளைச் சுருட்டிப் போடுகிறது. ஒரு வாந்தி. உடனே ஒருமுறை வயிற்றாலே போகிறது. “வாய்வு அடைச்சுக்கிருச்சு மாமா, இதக் குடிங்க” என்று அடுத்த வீட்டு மாப்பிள்ளை கோலி சோடாவை உடைத்து நீட்டுகிறார். பெருங்காயம் கரைத்த மோர் வருகிறது. ஓமத்தண்ணி வருகிறது. மெடிக்கலைத் திறக்கச் சொல்லி வாங்கிய கேஸ் மாத்திரை வருகிறது. எதற்கும் அடங்கவில்லை என்றதும், குடல் தட்டுகிற பாட்டியை வண்டியில் கூட்டி வருகிறார்கள். விளக்கெண்ணெய் தொட்டு அடிவயிற்றிலிருந்து மேலே நீவிப் பார்த்துவிட்டு, “குடல் ஏறிக் கெடக்கு” என்கிறார் பாட்டி. “வகுறு பஞ்சு மாதிரித்தேன் இருக்கு, பயப்படாதிங்க” என்று தைரியமும் சொல்கிறார். மூன்று மணி வாக்கில் வலி மட்டுப்படுகிறது. “பாத்தியா, கேட்டுருச்சு!” வீடு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறது. படுத்த அந்த வீட்டுக்குள் பெரியவரின் சிறுகுடல் செத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பெரியவர் நானே உருவாக்கிய ஆள். ஆனால் அவருக்கு நடந்தவற்றின் வரிசையில் என் கற்பனை எதுவுமில்லை. குடலுக்குப் போகும் ரத்தம் திடீரென்று நின்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்று மருத்துவ நூல்கள் வரிசைப்படுத்தியிருக்கின்றன. மெசென்டெரிக் இஸ்கீமியா என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். நம் வாய்க்குக் குடல் ரத்தத் தடை என்று சொன்னால் போதும்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் வேண்டாம். 1895-ல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீர், தேக்கடியில் ஒரு வாய் வழியாக மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் அந்த ஒரு வாயை நம்பி நிற்கிறது. குடலும் அப்படித்தான். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியில் வயிற்றுக்குள் ஒரு கிளை பிரிகிறது. சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் வலது பாதிக்கும் அந்த ஒரு கிளைதான் தலைமதகு. நாம் சும்மா இருக்கும்போதே இதயம் இறைக்கிற ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செரிமான உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்டால் இன்னும் கூடுதலாகக் கேட்கும். தாளம் தப்பித் துடிக்கும் இதயத்துக்குள் ரத்தம் தேங்கி, கட்டியாகி, அந்தக் கட்டி பெயர்ந்து வந்து இந்த மதகில் அடைத்துக்கொண்டால், குடலுக்கு மிஞ்சியிருப்பது சில மணி நேரம். அடைப்பு முழுமையாக இருந்தால், சுமார் ஆறு மணி நேரத்தில் மீட்க முடியாத அழிவு தொடங்கிவிடும்.

இந்த நோய் மூன்று இடங்களில் நம்மை ஏமாற்றுகிறது. மூன்று இடத்திலும் ‘வாய்வு’ என்ற சொல்தான் அதற்குக் கையாள்.

முதல் ஏமாற்று, வயிறு மெத்தென்று இருப்பது. வயிறு பலகை போல் விறைத்தால்தான் ஆபத்து என்று வீட்டில் நினைக்கிறார்கள். மருத்துவமனையிலும் பல நேரம் அப்படித்தான் நினைக்கிறார்கள். ரத்தத் தடையில் குடல் உள்ளுக்குள் துடிக்கும், வயிற்றின் சுவருக்கோ இன்னும் சேதி போயிருக்காது. அதனால் ஆள் புழுவாய்த் துடிப்பார், அமுக்கிப் பார்க்கும் கைக்கு ஒன்றும் அகப்படாது. “இவ்வளவு கத்துறாரு, வயிறு சாஃப்ட்டாத்தானே இருக்கு” என்ற அலுப்பு எங்கே எழுகிறதோ, அங்கேதான் நோய் பிடிபட வேண்டும். கை காண்பதற்கும் ஆள் படுவதற்கும் பொருத்தமே இல்லாத வலிதான் இதன் முதல் அடையாளம். அப்படியொரு கடும் வலியைக் கண்டால், வேறு நோய் என்று உறுதியாகும் வரை இதுவென்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக அவசர அறுவை மருத்துவச் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வயிறு விறைக்கும் வரை காத்திருந்தால், குடல் அழுகிய சேதிதான் வந்து சேரும்.

இரண்டாவது, வலி குறைவது. கடும் வலிக்குப் பிறகு சில மணி நேரம் ஒரு ஓய்வு வருவதுண்டு. குடலின் உள்சுவரும் அதன் நரம்புகளும் மரத்துப்போவதால் வரும் அமைதி அது. அந்த நேரத்தில் வயிற்றில் எது இருந்ததோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும். சோடா குடித்திருந்தால் சோடா கேட்டது. குடல் தட்டியிருந்தால் பாட்டியின் கைராசி. மறுநாள் வயிறு ஊதி, காய்ச்சல் கண்டு, மூச்சு இரைக்கும்போது “ராத்திரி நல்லாத்தேன் இருந்தாரு” என்று வீடே சாட்சி சொல்கிறது.

மூன்றாவது, “ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்” என்ற சொல். நம் ஊர்ப் பேச்சில் ஸ்கேன் என்றால், வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். பித்தப்பைக் கல்லைக் காட்டும், சிறுநீரகத்தைக் காட்டும். குடலில் காற்று நிறைந்திருக்கும் இந்த நோயாளியிடம் அந்தக் காற்றே அதற்குத் திரை. ரத்தப் பரிசோதனையில் லாக்டேட் என்று ஒன்று பார்ப்பார்கள். அதுவும் ஆரம்பத்தில் சரியாகவே இருக்கலாம். அது ஏறும்போது குடல் இறங்கிவிட்டிருக்கும். இதைத் தெளிவாகக் காட்டுவது ஒன்றுதான்: கை நரம்பில் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோ. எடுத்து முடிக்கச் சில நிமிஷம். சாயம் கிட்னியைக் கெடுக்கும் என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. போகப்போவது குடலும் உயிரும் என்னும்போது அந்தக் கணக்கு செல்லாது.

இனி எதிர்வாதங்கள்.

“வகுத்துவலி வந்த எல்லாருக்கும் சிடி எடுத்தா ஊரு தாங்குமா?” தாங்காது. நூறு பேர் வயிற்றுவலியில் பெரும்பாலோருக்குப் பெருங்காய மோரே போதும். அதை நான் மறுக்கவில்லை, நானும் குடிக்கிறவன்தான். கேட்க வேண்டியவை நாலே கேள்வி. வலி எந்த நிமிஷம் ஆரம்பித்தது என்று சொல்ல முடிகிற அளவுக்குத் திடீரென்று வந்ததா? தொட்டுப் பார்ப்பதற்கு மிஞ்சிய வலியா? கூடவே வாந்தியோ பேதியோ வந்ததா? நாடி தாறுமாறாக ஓடுகிறதா, அல்லது வால்வு நோய், பழைய மாரடைப்பு, பக்கவாதம், நிறுத்திவிட்ட ரத்த மாத்திரை என்று ஏதாவது உண்டா? இவை சேர்ந்து நின்றால் சோடாக் கடை இருக்கும் திசைக்கே போகக் கூடாது.

“கெழடுகளுக்கு வர்ற அபூர்வ நோய்ப்பா அது.” அவசர அறுவைப் பிரிவில் சேர்கிற ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான், உண்மை. ஆனால் வயது ஏற ஏற இந்தக் கணக்கு மாறுகிறது. 75 வயதைத் தாண்டியவர்களின் திடீர் வயிற்று நோயில், குடல்வால் அழற்சியைவிட இதுதான் அதிகம் என்று பின்லாந்து மருத்துவர்கள் 2015-ல் எழுதினார்கள். நம் நாட்டில் இன்னொரு சங்கடம், சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள். அவர்களுக்குக் கட்டி கிளம்ப முதுமை வர வேண்டியதில்லை. தமனிக்குப் பதில் சிரையில் ரத்தம் உறையும் வகையும் உண்டு. அது சில நாட்களாக மெல்ல மெல்ல ஏறும் வலி, இளையவர்களையும் பிடிக்கும்.

“கண்டுபிடிச்சாலும் பொழைக்கவா போறாக?” இந்த அவநம்பிக்கை மருத்துவ உலகிலேயே இருந்ததுதான். 1926-ல் இந்த நோயைப் பற்றித் தனி நூல் எழுதிய கோக்கினிஸ், இதைக் கண்டறியவும் முடியாது, வைத்தியமும் வீண் என்று பலரும் கைவிட்டிருந்த நிலையைப் பதிவு செய்தார். 1951-ல் கனடாவின் வின்னிபெக்கில் கிளாஸ் என்ற அறுவை மருத்துவர், தமனியைத் திறந்து கட்டியை எடுத்துக் குடலை மீட்கலாம் என்று காட்டினார். இன்று வயிற்றைத் திறந்தும் எடுக்கலாம். தொடையிலிருந்து குழாய் விட்டும் எடுக்கலாம். இத்தனை இருந்தும் இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் சாகிறார்கள். அதற்குப் பெரிய காரணம் தாமதம். பிழைத்தவர்களிலும், குடலை அதிகம் வெட்ட நேர்ந்தவருக்குச் சோறு வாய் வழியாக உடம்பில் ஒட்டாமல் போய்விடும்.

“நாட்டு வைத்தியம் தப்பாய்யா?” நாட்டு வைத்தியத்தை யார் மதித்தார்கள் என்று பார்ப்போம். சித்த மருத்துவம் வயிற்று நோயில் குன்மம் என்ற ஒன்றையே எட்டு வகையாகப் பிரித்துப் பார்த்தது. நாடி பிடிக்காமல் பேச்சே எடுக்காது. எட்டாகப் பிரித்தவர்களின் பேரைச் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே வாய்வில் அடைத்தவர்கள் நாம்தான். பெரியவரின் நாடியை அன்று ராத்திரி அந்த வீட்டில் யாராவது தொட்டிருந்தால், அதன் தாளம் தப்பியது தெரிந்திருக்கும்.

இந்த நோய் முன்னறிவிப்பு கொடுத்து வருவதும் உண்டு. கருப்பசாமி கோயில் கிடா விருந்தில் பாருங்கள். கறிச்சோற்றை நாலு வாய் பிசைந்துவிட்டு, பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வரும் முன்பே இலையை மடக்குகிறார் ஒருவர். “வயசாச்சு, நாக்குச் செத்துப்போச்சு” என்று பந்தி சிரிக்கிறது. அவருக்குப் பசி இருக்கிறது. சாப்பிட்ட அரை மணியில் வலி வருமே என்ற பயமும் இருக்கிறது. உணவைக் கண்டதும் குடல் கூடுதல் ரத்தம் கேட்கிறது. பீடியும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து சுருக்கிவிட்ட தமனியால் கொடுக்க முடியவில்லை. சட்டை தொளதொளக்கிறது. எண்டோஸ்கோப்பியில் வயிறு லேசாகச் சிவந்திருந்தால் அல்சர் என்று பெயர் வைத்து, மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை. சாப்பாட்டுக்குப் பயம், எடை இழப்பு, புகைப்பழக்கம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் தமனியைப் பார்த்தாக வேண்டும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் ஒரு ஸ்டென்ட் வைத்து, பின்னால் வரக்கூடிய அந்த ராத்திரியையே தவிர்க்கலாம்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாரடைப்புக்கு ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சுவலியின் நேரத்தை மதிக்கக் கற்றுவிட்டோம். வயிற்றுவலிக்கு அப்படி ஒரு நடைமுறை வேண்டும்: நாலு கேள்விகள், ஒரு ஈசிஜி, சந்தேகம் வந்தால் நேரே சிடி ஆஞ்சியோவுக்கு. ஏனென்றால் இங்கே தூரமே ஒரு நோய். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்குக்குக் கூடலூரிலிருந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதுரை இன்னும் தள்ளி. கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போன கூலிப் பெண்ணுக்கு அங்கே வலி வந்தால், மலை இறங்குவதற்கே தனி நேரம் வேண்டும். ஆறு மணி நேரத்தில் சாலை தின்றது போக மிஞ்சுவதைச் சோடாவுக்கும் பாட்டிக்கும் ‘காலையில பாப்போம்’ என்ற சொல்லுக்கும் பங்கு போட முடியாது.

வயலுக்கு வரும் தண்ணீர் நின்றால் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் விடியட்டும் என்று படுப்பதில்லை. பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு ராத்திரி ரெண்டு மணிக்கும் வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். பயிர் இன்னும் பச்சையாகத்தானே இருக்கிறது என்று எந்த விவசாயியும் திரும்பிப் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.