பழைய படகு மோட்டார்... வேகத்துக்கு அல்ல, சுமைக்கு ஏற்ற காற்றாடி!

‘‘ஏரியில் மீன் வளர்ப்புக் குத்தகை எடுத்திருக்கிறேன். 16 அடி நீளத்தில், அடிப்பாகம் தட்டையான ஃபைபர் படகு இருக்கிறது. அதில் மாட்ட, 8 ஹெச்.பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். தீவன மூட்டை, வலை, இரண்டு ஆட்கள் ஏறினால் இன்ஜின் திணறுகிறது. காற்றாடியில் ஒரு பிளேடும் உடைந்துவிட்டது. 9 பிட்ச் போட்டால் பறக்கும் என்கிறார்கள். மழை வெள்ளம் வந்தால் ஊருக்கும் இந்தப் படகு உதவ வேண்டும். எந்தக் காற்றாடி வாங்குவது?’’
- வாசகர், பூந்தமல்லி.

உங்கள் வேலைக்கு 9 பிட்ச் வேண்டாம். 7 அல்லது 6 பிட்ச்தான் பொருந்தும். காரணத்தைத் தெரிந்துகொண்டால், கடையில் யார் எதைச் சொன்னாலும் நீங்களே முடிவு செய்யலாம்.

புரொப்பல்லர் என்கிற காற்றாடிக்கு இரண்டு அளவுகள் உண்டு. நடுக்குடத்தில் ‘9 x 8’ என்று பொறித்திருந்தால், முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டுமே அங்குலக் கணக்கு. மரத்தில் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் இறங்குகிறதோ, அதுபோல காற்றாடி ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். டிராக்டர் மொழியில் சொன்னால், பிட்ச் என்பது கியர். அதிக பிட்ச், ரோட்டில் ஓடும் டாப் கியர். குறைந்த பிட்ச், உழவுக்கான லோ கியர். மூட்டை ஏற்றிய உங்கள் படகு செய்வது உழவு வேலை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் விகிதம் 2 என்றால், காற்றாடி 2,500 சுற்று சுற்றும். 9 பிட்ச் காற்றாடி வழுக்காமல் போனால் மணிக்கு 34 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால், பாரம் ஏற்றிய 16 அடி படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது, சுமார் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் லேசில் போகாது. மிச்சமெல்லாம் வழுக்கல். சேற்றுழவில் கேஜ்வீல் சுற்றிக்கொண்டே நிற்குமே, அதே கதைதான். பாரம் தாங்காத இன்ஜின், முழு திராட்டிலிலும் தேவையான சுற்றை எட்டாமல் முனகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இது தொடர்ந்தால் கரி படியும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய மாடலுக்குப் பிஸ்டன் தேடி அலைவதைவிட, காற்றாடியை மாற்றுவது லாபம்.

சோதித்துப் பார்த்து வாங்குங்கள்

முதலில் இன்ஜினைச் சரிபாருங்கள். பிளக், கம்ப்ரஷன், கார்புரேட்டர் ஜெட் சரியில்லை என்றால், எந்தக் காற்றாடி போட்டாலும் சுற்று ஏறாது. அடுத்து, மோட்டாரின் உயரம். காற்றாடிக்கு மேலே இறக்கை போல நீட்டியிருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தால் போதும். அதற்கு மேலே தூக்கியிருந்தால் காற்றாடி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும்.

பிறகு, பிளக் வயரில் சுற்றி மாட்டும் சிறிய டாக்கோ மீட்டர் ஒன்றை வாங்குங்கள். கடையில் மாற்றிக்கொடுக்கச் சம்மதித்தால் மட்டும், ஒரு காற்றாடியை வாங்கி மாட்டுங்கள். வழக்கமான சுமையை ஏற்றி, ஒரு நிமிடம் முழு திராட்டிலில் ஓட்டி, சுற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் கையேட்டில் முழு வேகச் சுற்று, உதாரணமாக 4,500 முதல் 5,500 வரை என்று இருக்கும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். 9 பிட்ச்சில் 4,400 வந்தால், 7 பிட்ச்சில் 4,700-ஐத் தொடும், 6-ல் 4,850-ஐத் தாண்டும். சுமையோடு அந்த எல்லைக்குள் சுற்றும் காற்றாடிதான் உங்களுக்கானது. ஆளில்லாமல் வெறும் படகில் சோதித்து முடிவெடுக்காதீர்கள். அதேபோல பிட்ச்சை ரொம்பவும் குறைத்து, மேல் எல்லையைத் தாண்டிச் சுற்றவிடுவதும் இன்ஜினுக்கு ஆகாது.

எழுத்து தேய்ந்திருந்தால் அளந்துவிடலாம். மையத்திலிருந்து பிளேடு நுனி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் விட்டம். பிட்ச்சுக்கு, காற்றாடியை மேஜையில் படுக்கவைத்து, ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு தூரத்தில் பிளேடின் இரு விளிம்புகளும் மேஜையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். உயர வித்தியாசம் 1¼ அங்குலம், அந்த இரு விளிம்புகளுக்கும் இடையில் மையக் கோணம் 60 டிகிரி என்றால், 1¼-ஐ ஆறால் பெருக்க வேண்டும் (360-ல் 60 ஆறு தடவை). பிட்ச் 7½.

வாங்கப் போகும்போது பழைய காற்றாடியைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். தண்டின் பல் எண்ணிக்கை, விட்டம், புகை குடத்தின் நடுவே வருகிறதா என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். உடைந்த பிளேடை அம்பத்தூர் தொழிற்பேட்டை பகுதியில் உள்ள வெல்டிங் பட்டறைகளில் கட்டிக்கொடுப்பார்கள். ஆனால், மூன்று பிளேடும் ஒரே எடை, ஒரே சாய்வு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் அதிர்வில் பேரிங் போய்விடும். அலுமினியமே போதும். கல்லில் மோதினால் பிளேடு வளையும், கியர் தப்பிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் அடி நேராக கியருக்குப் போகும்.

வெள்ளத்துக்கு முன்பே கவனியுங்கள்

பழைய மோட்டார்களில் காற்றாடியைப் பிடித்திருப்பது ஷியர் பின். பாரம் தட்டினால் உடைந்து, கியரைக் காப்பதுதான் அதன் வேலை. அடிக்கடி உடைகிறது என்று ஆணியையோ கடினமான ஸ்டீல் கம்பியையோ செருகாதீர்கள். சரியான பின்கள் நான்கு, காட்டர் பின்கள் இரண்டு, ஒரு ஸ்பேனர், ஒரு துடுப்பு ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிக தண்ணீர் திறக்கப்பட்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் படகுகளால் மக்களை மீட்டதைப் பார்த்தோம். வெள்ளத்தில் காற்றாடி உடைந்தால், இழுவை ஆளை எங்கு கொண்டுபோகும் என்று தெரியாது. அதனால், அந்த நாளில் ஏற்றப்போகும் ஆட்களின் எடைக்கும் இப்போதே சோதித்துவிடுங்கள். தண்ணீரில் இருப்பவரைப் படகில் ஏற்றும்போது இன்ஜினை நிறுத்திவிடுவது கட்டாயம். சுழலும் பிளேடு கால், கையைத் துண்டித்துவிடும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, குடிநீர் ஏரியிலும் பொது ஏரியிலும் மோட்டாரை இறக்கும் முன் நீர்வளத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். டூ ஸ்ட்ரோக்கின் எண்ணெய் தண்ணீரில் கலக்கும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் குட்டைக்கு மோட்டாரே தேவையில்லை, துடுப்பு போதும்.

‘‘ஆகாயத்தாமரை காற்றாடியில் சுற்றிக்கொள்கிறது. என்ன செய்வது?’’
- வாசகர், ஆவடி.

இன்ஜினை நிறுத்தி, மோட்டாரைத் தூக்கி, கொடியைக் கையால் எடுங்கள். ரிவர்ஸில் ஓட்டி உதற முயன்றால் சில நேரம் இன்னும் இறுகிவிடலாம். பிளேடு பின்னோக்கி வளைந்த ‘வீட்லெஸ்’ காற்றாடி கிடைத்தால், அது கொடியை நழுவவிடும். கூளம் குளிர்நீர் உறிஞ்சும் துளையையும் அடைக்கும். பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவது நின்றால், உடனே நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் சூடேறிச் சிக்கிக்கொள்ளும்.