உலாவும் ஒரு பாடமே

சங்கம் என்றால் ஆண்டுக்கொரு கூட்டமும் அதன் இறுதியில் ஒரு விருந்தும்தான் என்று கருதுவோர் நம்மில் பலர் உண்டு. கூடி உண்பதும் உறவாடுவதும் நல்லவையே. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓர் உலா எதைக் கற்பிக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஹாங்காங்கில் வாழும் தமிழ் முஸ்லிம்களின் சங்கம் ஒன்று, சென்ற குளிர்காலத்தில் குடும்பங்களை ஈரநிலப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றது. மத்ரஸா மாணவர்களுடன் நாமும் சென்றிருந்தோம். கிழக்கு சிம் ஷா சுய் நிலையத்தில் இரயிலேறினால், வழியில் மாறாமலே டின் ஷுய் வாய் சேரலாம். அங்கிருந்து சிற்றிரயிலில் சிறிது தூரமே.

இரயிலை விட்டிறங்கியதும் கண்ணிற்படுவன வானளாவிய அடுக்குமாடிகள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அப்புதுநகர், ஒரு காலத்தில் மீன் குளங்கள் நிறைந்திருந்த நிலப்பரப்பில் எழுந்ததாகும். நகரை எழுப்பியதால் அழிந்த ஈரநிலத்துக்கு ஈடாகவே 61 ஹெக்டேர் பரப்பில் இப்பூங்கா அமைக்கப்பட்டது. 2006 மே மாதத்தில் அது முழுமையாகத் திறக்கப்பட்டது.

இங்குள்ள நன்னீர்க் குளங்களுக்கு நீர் வரும் வழி வியப்பூட்டுவது. நகரத்து வீதிகளில் வழிந்தோடும் மழைநீரே முதன்மை ஆதாரம். அந்நீர் நாணற் படுகைகளினூடே மெல்ல நகரும்போது கசடு கீழே தங்கி, நீர் தெளிகிறது. உளூவுக்குரிய நீரின் சட்டங்களை ஏட்டில் மட்டுமே படித்த நம் மாணவர்கள், நீர் தூய்மை பெறும் முறையொன்றை அன்று கண்ணெதிரே கண்டனர்.

பறவை காணும் மறைவிடங்களில் சிறுவர்கள் மூச்சடக்கி நின்றார்கள். கருமுகக் கரண்டிவாயன் என்னும் அரிய பறவை, கொரியக் கரையோரத் தீவுகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இப்பகுதிக்கு வருகிறது. 1980களின் இறுதியில் உலகம் முழுவதிலும் 300க்கும் குறைவாகவே எண்ணப்பட்ட இப்பறவை, இன்று 6,000ஐக் கடந்துள்ளது. தங்குமிடங்களைக் காத்ததன் பயன்களுள் இதுவும் ஒன்று.

நம் மனத்தில் நிலைத்த நிகழ்ச்சி அலையாத்தி மரங்களினிடையே அமைந்த மிதவைப் பாதையில் நடந்தது. எங்களுடன் முத்துப்பேட்டைப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். மகனுடன் தங்க வந்தவர். சீன மொழியும் ஆங்கிலமும் அறியாதவர். கடைக்குச் சென்றாலும் பேரனே அவருக்காகப் பேச வேண்டும். அதனால் அச்சிறுவனுக்குச் சற்றுச் சலிப்பும் உண்டு.

பாதையோர மரமொன்றைக் கண்டதும் பெரியவர் நின்றார். "இது நம்ம ஊரு வெண்கண்டலுல்ல!" என்றார். இலையின் மேல் விரலைத் தடவி நாவில் வைக்கச் சொன்னார். உப்புக் கரித்தது. உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியேற்றுவதையும், சேற்றிலிருந்து ஆணிகளைப் போல் மேலெழுந்து நிற்பவை மூச்சு விடும் வேர்கள் என்பதையும் விளக்கினார். சேற்றில் துள்ளும் மீனையும், ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டையும் முதலிற் கண்டு காட்டியவரும் அவரே. சற்று நேரத்தில் சிறுவர் கூட்டம் முழுவதும் அவரைச் சூழ்ந்து கொண்டது. இம்முறை பேரன், பாட்டனார் சொற்களைச் சீனச் சிறுவர் இருவருக்குப் பெருமையுடன் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தான்.

"ஹஜ்ரத், முதலில் அழித்துவிட்டுப் பிறகு ஏன் கட்டுகிறார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கேட்கத்தக்க கேள்வியே. எடுத்ததற்கு ஈடு செய்தல் கடமை. ஆயினும் ஈடு, இழந்த பொருளாகிவிடாது. கட்டிய ஈரநிலத்தில் நீர்மட்டத்தை அளந்து வைக்கவும் களை நீக்கவும் நாள்தோறும் ஆள் வேண்டும். முத்துப்பேட்டையிலும் நலிந்த காட்டில் கால்வாய் வெட்டி, கடல்நீரை உள்ளே விட்டுக் கன்றுகள் வளர்த்தனர். 2018 நவம்பரில் கஜா புயல் அக்காட்டைப் பெரிதும் சிதைத்தது. வளர்க்கப் பல்லாண்டுகள், சாய்க்க ஓர் இரவு.

அன்பு வாசகர்களே! காட்டை மீண்டும் நடலாம். குளத்தை மீண்டும் தோண்டலாம். ஆனால், மரத்தின் பெயரும் மீனின் குணமும் காற்றின் திசையும் அறிந்த நம் பெரியவர்கள் கேட்பாரின்றி மறைந்தால், அவ்வறிவை எந்த அரசும் ஈடாகக் கட்டித் தர இயலாது. அடுத்த உலாவுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும் சங்கத்தார், வீட்டிலிருக்கும் முதியவர்களின் பெயர்களை முதலில் எழுதட்டும். அவர்களருகே பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கட்டும். இன்ஷா அல்லாஹ், பாடம் தானே நடக்கும்.