காடும் கங்கையும் நம் வாளியும்



கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள காடு உடவத்தகலே. 1856இல் ஒதுக்கப்பட்ட காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே பரவும் வேற்றுநாட்டு மரக்கன்றுகளையும் கொடிகளையும் தொண்டர்கள் கூடிக் கையால் பிடுங்கி அகற்றியுள்ளனர்.

காட்டைக் காத்தால் மட்டும் போதுமா? நகரக் குப்பை கொஹாகொடவில், மகாவலிக் கரையோரம் கொட்டப்பட்டு வந்துள்ளது. மழை பெய்தால் அதன் கழிவுநீர் கங்கையில் இறங்கும். அதே கங்கைதான் 335 கிலோமீற்றர் ஓடி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. கண்டிச் சகோதரியும் மூதூர்ச் சகோதரியும் ஓர் ஆற்றின் கரையினரே.

நாம் என்ன செய்யலாம்? அடுப்படியில் இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு. உக்கியதும் வீட்டுத்தோட்டத்துக்குப் பசளையாகும். மற்றதில் போத்தல், தகரம், கடதாசி. கழுவி உலர்த்தி வைத்தால் பழைய சாமான் வாங்குபவர் காசு தருவார். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து விற்றால் சங்கச் சேமிப்புக்கும் உதவும். பொலித்தீனை எரிக்காதீர்கள், அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கும்.

காணி நிலத்தை விட்டு ஓடியவர்கள் நாங்கள். மண்ணின் அருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வாரமே வாளியை வையுங்கள். அயல்வீட்டுச் சகோதரிக்கும் சொல்லுங்கள்.