ஸஸ்பெண்டு தண்டனையாகலாமா?

தூத்துக்குடியிலும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித்துறை ஊர்களிலும் சர்க்கார் மானியம் பெறும் தனியார் பள்ளிக்கூடங்கள் பல உண்டு. அங்கே ஓர் உபாத்தியாயர் மீது புகார் எழுந்து, விசாரணையை முன்னிட்டு அவர் ஸஸ்பெண்டு செய்யப்பட்டால், மறுநாளே ஊரார் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்துவிடுகின்றனர். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறவாமலே ஏலம் விட்டார்கள். வியாபாரத்துக்கு அது பொருந்தலாம். மனிதனுடைய மானத்தைத் திறந்து பாராமல் விலை கூறலாகாது.

ஸஸ்பெண்டு என்பது விசாரணைக்குத் துணையேயன்றித் தண்டனையன்று. 1973ஆம் வருஷத்துத் தனியார் பள்ளிகள் சட்டம் இதை நன்குணர்ந்திருந்தது. கடும் ஒழுங்கீனத்தைப் பற்றி விசாரிக்க உத்தேசித்தாலன்றி ஸஸ்பெண்டு கூடாது; 2 மாதத்துக்குள் விசாரணை முடியாவிடில் உபாத்தியாயர் வேலையில் மீண்டவராகவே கருதப்படுவார்; தாமதம் அவராலேயே நேர்ந்தால் மட்டும் அதிகாரி மேலும் 2 மாதம் வரை நீட்டிக்கலாம் என்று அது விதித்தது. அதனிடத்தில் இப்போது 2018ஆம் வருஷத்துச் சட்டம் அமலிலிருக்கிறது. சட்டம் மாறினும் தர்மம் மாறாது. சர்க்கார் ஊழியர் ஒருவரின் வழக்கில் 2015இல் சுப்ரீம் கோர்ட்டும், 3 மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படாவிடில் ஸஸ்பெண்டு தொடரலாகாதென்று தீர்ப்பளித்தது.

பிழைப்பூதியமும் தர்மமன்று, உரிமை. கோலார் தங்கச் சுரங்க ஊழியர் ஒருவர் அதைப் பெறாமையால், பணமின்றி, விசாரணைக்கு வர இயலாது போயிற்று. அவரில்லாமலே நடந்த அவ்விசாரணை செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1999இல் கூறிற்று. பட்டினி கிடப்பவன் எவ்வாறு எதிர்வாதம் செய்வான்?

குழந்தைகளின் நலமென்னாவது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. குழந்தைக்குத் தீங்கிழைத்ததாகப் புகார் வந்தால், அவரை உடனே பள்ளியினின்று விலக்குவதும், 2012ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிப்பதும் கடமையே. ஆனால் இழுபறியான விசாரணையால் குழந்தைக்கும் நீதி கிட்டாது. நிரபராதிக்கும் விடுதலை கிட்டாது.

ஆகவே, குற்றச்சாட்டு எழுத்தில் வரட்டும். பிழைப்பூதியம் மாதந்தோறும் வரட்டும். முடிவு குறித்த காலத்தில் வரட்டும். குற்றமற்றவரெனத் தெரிந்தால் முழுச் சம்பளத்தோடு, அதை ஊரறியச் சொல்லியே அவரை மீண்டும் அமர்த்தட்டும். 1908இல் கோரல் மில் தொழிலாளருக்காக வ.உ.சி. குரலெழுப்பிய ஊர் இது. இங்குள்ள பள்ளி நிர்வாகஸ்தர்களும் உபாத்தியாயர் சங்கங்களும் இவற்றை முதலில் நிலைநாட்டிக் காட்டவேண்டுமென வற்புறுத்துகிறோம்.